நாடா வெட்ட முடியாத வேலைகள்

அத்தியாயம் 6: பழைய ஆரம்பப் பாடசாலை வளவைப் புதுப்பித்தல்

வைகாசி மழை பகல் 11 மணிக்கு இறங்கும்போது தெஹிவளையின் பழைய பாடசாலை ஒன்றில் போய் நின்று பாருங்கள். ஆசிரியை பாடத்தை நிறுத்தாமலே தன் கதிரையை இரண்டடி தள்ளிப் போடுவார். யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை எழும்பி மூலையிலிருந்த வாளியைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் வைப்பாள். நாற்பது முகங்களும் ஒருதரம் மேலே பார்த்துவிட்டுத்தான் கொப்பிக்குத் திரும்பும்.

அடுத்த சனிக்கிழமை அதே பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே பேசப்படுவது நுழைவாயில் வளைவு, ஸ்மார்ட் பலகை, முற்றம் முழுக்க இன்டர்லொக் கல். வாளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். காரணம் எளிது. வளைவுக்கு நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம், பெயர் பொறிக்கலாம். ஒழுகாத கூரைக்கு யார் நாடா வெட்டுவார்?

இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: நாடா வெட்ட முடியாத வேலைகளை முதலில் முடியுங்கள். மற்றவற்றுக்குப் பிறகு பணமும் வரும், ஆட்களும் வருவார்கள்.

1. எஸ்டிமேட் போடுமுன் மூன்று நடை

பொறியியலாளரை அழைக்குமுன் அதிபர், ஒரு ஆசிரியர், ஒரு பெற்றோர், பாடசாலையின் காவலாளி ஆகிய நால்வரும் வளவை மூன்று தடவை சுற்றி வாருங்கள். காவலாளியை விட்டுவிட வேண்டாம். எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதல் நடை கடும் மழையில். ஒழுகும் இடங்களைச் சோக்கால் தரையில் குறியுங்கள். தண்ணீர் வளவுக்குள் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். வீதிகளுக்கு மேலே மேலே காபட் போட்டதில் வீதி உயர்ந்து வளவு பள்ளமாகிப்போன பாடசாலைகள் பல உண்டு. அங்கே உள்ளே எவ்வளவு வடிகால் வெட்டினாலும் ஒழுங்கைத் தண்ணீர் படலையால் வரும்.

இரண்டாம் நடை வெயிலான நாளில், நண்பகல் 12.30க்கு. ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளையின் கதிரையில் பத்து நிமிடம் உட்காருங்கள். தலைக்கு மேலே காயும் சூட்டை ஆசிரியர் நின்றபடி உணர்வது ஒருவிதம், தகட்டுக்குக் கீழே காற்றில்லாமல் ஆறு மணித்தியாலம் இருப்பது வேறுவிதம்.

மூன்றாம் நடை இடைவேளையில். மலசலகூடத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், எத்தனை பேர் வாசல் வரை போய்த் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணுங்கள். திரும்பி வரும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் உங்கள் முதல் புள்ளிவிபரம்.

2. காணி யாருடையது?

கொழும்பின் பழைய தமிழ்ப் பாடசாலைகள் பல, கோயில் மடத்திலோ தேவாலய வளவிலோ சங்கமொன்றின் கட்டடத்திலோ தொடங்கியவை. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நிர்வாகம் கைமாறியது. எல்லை, பாதை, கிணறு பற்றிய பழைய இணக்கங்கள் சில இடங்களில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டன. மதிலைத் தொடுமுன் உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் தேடி எடுத்து வையுங்கள்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வருகின்றன. தெஹிவளையின் அயற்பாடசாலை என்றால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களம். பாதை கோட்டக் கல்வி அலுவலகத்தில் தொடங்கி வலயக் கல்வி அலுவலகம் வழியாகப் போகும். கட்டட வரைபட அனுமதிக்குத் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. "நன்கொடைதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று எழுத்தில் அனுமதி இல்லாமல் எழுப்பிய கட்டடத்துக்குப் பிறகு மின் இணைப்பும் கிடைக்காது, திருத்த நிதியும் கிடைக்காது. அது பாடசாலையின் கணக்கிலேயே இராது.

3. ஆளைக் கொல்லக்கூடியவை

2023 நவம்பரில் வெல்லம்பிட்டியில் ஒரு பாடசாலையில் தண்ணீர்க் குழாய்கள் பொருத்திய கொங்கிரீட் கட்டு இடிந்து விழுந்து தரம் 1 சிறுமி ஒருத்தி இறந்தாள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் திருநெல்வேலியில் பாடசாலைக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டிலும் விழுந்தது மாடிக் கட்டடம் அல்ல என்பதைக் கவனியுங்கள். எவரும் கட்டடம் என்றே எண்ணாத சிறு கட்டுமானங்கள் அவை: குழாய்க் கட்டு, கழிப்பறைச் சுவர்.

ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் வரவேண்டியவை இவை: தனித்து நிற்கும் சுவர்கள், மதில், படலைத் தூண், தண்ணீர்த் தொட்டி மேடை, கொடிக்கம்ப மேடை, சிலை பீடம், பாவிக்காத பழைய மலசலகூடம். கம்பியோ அத்திவாரமோ இல்லாமல் யாரோ ஒருவர் நல்ல மனதோடு கட்டிக் கொடுத்தவை இவற்றில் பல. பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடமோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ காட்டுங்கள். சந்தேகம் என்றால் அன்றே கயிறு கட்டி மறியுங்கள், விடுமுறையில் இடியுங்கள்.

இரண்டாவது, வெளியேறும் வழி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பாடசாலையொன்றின் சமையற்கூடத்துக் கூரையில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் பலியானார்கள். ஓலைக் கூரையும் நெருக்கடியான படிக்கட்டும் அந்தத் தொகையைக் கூட்டின. நம்மிடம் ஓலைக் கூரை இல்லை. ஆனால் கள்ளனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கிரில் இருக்கிறது, அதில் பூட்டும் இருக்கிறது. பாடசாலை நேரத்தில் எந்தக் கிரிலிலும் பூட்டு தொங்கக் கூடாது. மாடி இருந்தால் படிக்கட்டு இரண்டு வேண்டும், கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கடலுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட பாடசாலைகள் 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைவில் வைத்து, பிள்ளைகள் எந்த ஒழுங்கையால் கிழக்கே நடப்பது என்பதை வருடத்தில் ஒருமுறையாவது நடந்து பழக வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். பழைய வயரில் புதிய ஃபேன்களைக் கூட்டிக் கொண்டே போனால் சுவருக்குள் சூடேறும். ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமர்த்தினால் விழுகிறதா என்று இன்றே பாருங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

4. கூரை

உங்கள் மண்டபத்துக்கு இன்னும் கலிக்கட் ஓடு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த ஓடு இது. ஓடுகளின் இடுக்குகளால் சூடான காற்று தானாக வெளியேறும், மழைச் சத்தமும் அடங்கும். ஒழுகினால் பெரும்பாலும் குற்றம் ஓட்டில் இராது. கறையான் தின்ற சலாகை, சாய்ந்துபோன கைமரம், உடைந்த முகட்டு ஓடு, இவற்றைப் பாருங்கள். ஓடுகளை இறக்கிக் கழுவி, மரத்தை மாற்றி, அதே ஓட்டை ஏற்றலாம். "எல்லாத்தையும் கழற்றிப்போட்டுத் தகடு அடிப்போம், மலிவு" என்று மேசன் பாஸ் சொல்வார். மழையில் தகட்டுக்குக் கீழே நின்று ஒரு பாடம் சொல்லித் தந்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற்று இருந்தால் நிதானம் வேண்டும். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987 இலேயே தடை. வெள்ளை அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு இன்றும் கடையில் கிடைக்கிறது. அதைக் கட்டுப்படுத்த அரசு முனைந்திருந்தபோது, 2017 டிசம்பரில், அந்த அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் ரஷ்யா, பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி நம் தேயிலையைச் சில நாள் நிறுத்தியது. கட்டுப்பாடும் தளர்ந்தது. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உடையாத சீற்று இருந்த இடத்தில் இருப்பதால் பெரிய கேடில்லை. துளையிடும்போதும் அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் நார்தான் நுரையீரலுக்குள் போகிறது. கழற்றுவதென்றால்:

- பிள்ளைகள் இல்லாத விடுமுறையில் மட்டும்.
- முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுச் சீற்றாகக் கையால் இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது.
- துணி முகமூடி போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.
- விழுந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.
- சீற்றுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, எங்கே கொண்டுபோவது என்று மாநகர சபையிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். உடைந்த சீற்றைப் பாத்திக்கு வரம்பாகவோ கோழிக்கூட்டுக்கு வேலியாகவோ வைப்பது வழக்கம். பாடசாலையில் அது வேண்டாம்.

பழைய பெயின்டும் இதே வகை. வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவுக்கு இங்கே கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது 2013 இல்தான். அதற்கு முன் பூசிய யன்னல், கதவு, கிரில் எல்லாவற்றையும் ஈயம் கலந்தவை என்றே எடுத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகச் சுரண்டுங்கள்.

புதிய தகடு போட்டே ஆகவேண்டும் என்றால் வெளிர் நிறம், அடியில் வெப்பத்தடுப்புப் படலம், முகட்டில் காற்றுவழி மூன்றும் சேர்ந்து வரட்டும். மூன்றாவதை விட்டுவிட்டு மின்விசிறி போட்டால் அது சூடான காற்றைத்தான் சுழற்றும்.

5. உப்புக் காற்று

கடலோர ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கட்டடத்துக்குத் தனி நோய் உண்டு. தூணிலும் தட்டின் அடியிலும் கொங்கிரீட் வெடித்து, பழுப்புக் கறை இறங்கி, கம்பி வெளியே தெரியும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட இடம் அதிகம் பிடிப்பதால் கொங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. அதன்மேல் சீமெந்து பூசிப் பெயின்ட் அடிப்பது புண்ணை மூடித் துணி கட்டுவது போல. இரண்டு மழைக்குள் பெரிய துண்டாக விழும், கீழே பிள்ளைகள் இருப்பார்கள். இளகிய கொங்கிரீட் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தமாக உரசி, துருத்தடுப்புப் பூசி, அதற்குரிய திருத்தக் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியியலாளர் முடிவெடுக்கட்டும். ஆணி, பிணைச்சல், கொக்கி எல்லாம் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். அந்தச் சில்லறைச் செலவில் மிச்சம் பிடித்தவர்கள் ஐந்து வருடத்தில் யன்னலையே மாற்றியிருக்கிறார்கள்.

6. தண்ணீர், மலசலகூடம், நுளம்பு

மலசலகூடக் கணக்கை இப்படிப் போடுங்கள். இடைவேளை 20 நிமிடம், ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம் என்றால் ஒரு கூடம் பத்துப் பேருக்குத்தான் போதும். பெண்பிள்ளைகள் 120 பேரில் பாதிப் பேர் இடைவேளையில் போவார்கள் என்றாலே ஆறு வேண்டும். கட்டுவதைவிடக் கடினம் அடுத்த மாதமும் பாவிக்கக்கூடியதாக வைத்திருப்பது. சுத்திகரிப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று எழுதப்படாத திட்டத்தில் புதிய மலசலகூடம் வேண்டாம். கொக்கி, குழாய், கைகழுவும் தொட்டி எல்லாம் தரம் 1 பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று பிள்ளையை நிறுத்திப் பார்த்தே பொருத்துங்கள். ஒரு கூடமாவது சக்கர நாற்காலி திரும்பும் அகலத்தில் இருக்கட்டும். பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகு வசதியை 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கட்டாயமாக்கியுள்ளன. சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டியது கண்காட்சிக்கே உதவும்.

நுளம்பைப் பொறுத்தவரை 2017 ஐ மறக்க முடியாது. நாட்டில் 186,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்த வருடம் அது. பழைய வளவில் முட்டையிடும் இடம் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் இருக்கும். தட்டையான கொங்கிரீட் பீலியில் மாவிலை விழுந்து அடைத்தால் போதும். முடிந்த இடத்தில் பீலியையே எடுத்துவிட்டு, இறவாரத் தண்ணீர் சரளைக் கல் நிரப்பிய ஓடையில் விழும்படி விடுங்கள். எடுக்க முடியாத பீலிக்குச் சரிவும், ஏறிப் பார்க்க நிலையான ஏணியும் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வேலை முடிந்தபின் அழைத்துத் தண்டம் வாங்குவதைவிட வரைபடம் கீறும்போதே அழைப்பது நல்லது.

7. மண்டபம் வகுப்பறையாவது எப்படி?

கல்வி அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் அளவு "எண்பதுக்கு இருபது", "நூறுக்கு இருபது". இருபதடி அகலமான நீள மண்டபம், இருபுறமும் அரைச் சுவர், நடுவில் தட்டி வைத்துப் பிரித்த வகுப்புகள். ஒரு வகுப்புக்கு இருபதுக்கு இருபது என்றால் 400 சதுர அடி. 35 பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்கு 11 சதுர அடி சொச்சம். வரிசையாக உட்கார்ந்து கரும்பலகையைப் பார்க்க அது போதும்.

ஆனால் 1999 இல் நாடு முழுதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 இல் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்தது. பிள்ளை தரையில் உருள வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும், கூட்டமாக நிற்க வேண்டும். பாடத்திட்டம் மாறிக் கால் நூற்றாண்டாகியும் கட்டடம் மாறவில்லை. ஆகவே தரம் 1, 2 க்கு நிலத்தளத்தில், முற்றத்தோடு ஒட்டிய அறைகளைக் கொடுத்து விறாந்தையையும் வகுப்பாக்குங்கள். பாரமான இருவர் மேசைகளை அகற்றி, பிள்ளைகளே நகர்த்தக்கூடிய சிறு மேசைகளைப் போடுங்கள். கதிரையில் இருக்கும் பிள்ளையின் பாதம் தரையில் முழுதாகப் படவேண்டும். மூன்று உயரங்களில் செய்வித்தால் தரம் 5 வரை சமாளிக்கலாம்.

அடுத்து சத்தம். தட்டிக்கு அப்பால் தரம் 3 வாய்ப்பாடு சொல்ல, இப்பால் தரம் 2 கதை கேட்க முடியாது. வெற்று வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கும் எதிரொலி 0.6 செக்கனுக்கும் மேற்படக் கூடாது என்பது அமெரிக்கப் பாடசாலைகளுக்கான நியமம். காலி வீதி பஸ்ஸும் கடலோர ரயிலும் உள்ள ஊரில் அந்த எண்ணை நாம் தொடப்போவதில்லை. ஆனால் நெருங்கலாம். தட்டியை எடுத்துவிட்டுக் கூரை வரை சுவர் எழுப்புங்கள். இடைவெளி விட்ட சுவர் சத்தத்துக்குச் சுவரே அல்ல. பின்சுவரில் மென்பலகை அடித்தால் பிள்ளைகளின் ஓவியமும் தொங்கும், எதிரொலியும் குறையும். வீதிப் பக்கம் களஞ்சியம், அலுவலகம், நூலகம் வரட்டும். வகுப்புகள் உட்புறம் போகட்டும்.

சுவர் எழும்பியதும் காற்று நின்றுவிடக் கூடாது. எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு இருக்க வேண்டும். மேலே துளையுள்ள பூக்கல் வைத்தால் மழையிலும் காற்று வரும். நிழல் தரும் ஆழ்ந்த முகப்பு, காற்று புகும் சுவர், நீண்ட இறவாரம் என்பதெல்லாம் புது ஞானமல்ல. 1950 களின் கடைசியிலும் 1960 களிலும் ஜெஃப்ரி பாவா கொள்ளுப்பிட்டியில் புனித தோமையர் ஆயத்தப் பாடசாலைக்கும் பிஷப்ஸ் கல்லூரிக்கும் கட்டடம் வடிவமைத்த காலத்தில் இந்த ஊரின் வெயிலையும் மழையையும் வைத்துத்தான் கட்டடக்கலை பேசியது. குளிரூட்டி வந்த பிறகு நாம் மறந்துவிட்டோம். ஏப்ரல் முதல் வாரங்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்டில் கிழக்கு, மேற்குச் சுவர்களில் பெரிய கண்ணாடி யன்னல் வைப்பவரை அளவுப் பட்டியலோடு திருப்பி அனுப்புங்கள்.

8. முற்றம், வாசல், திரை

முற்றத்து மாமரத்தை வெட்டிவிட்டுக் கல் பதிக்க வேண்டாம். உலர்ந்த கிளையைத் தறியுங்கள், வேரைச் சுற்றி மண் விடுங்கள். ஆட்கள் நடக்கும் பாதைக்கு மட்டும் கல் போதும். மற்ற இடத்தில் மழை மண்ணுக்குள் இறங்கட்டும்.

ஒடுங்கிய ஒழுங்கையில் காலை 7.15 க்கு ஸ்கூல் வேன், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாம் படலையில் முட்டும். மதிலில் பத்தடி உள்வாங்கிப் படலையை வைத்தால், இழந்த நிலம் பிள்ளைகள் நிற்கும் திண்ணையாகும். பெற்றோர் முதலில் இதை எதிர்ப்பார்கள், முதல் மழை நாளில் ஒத்துக்கொள்வார்கள்.

ஸ்மார்ட் பலகை கடைசியில் வரட்டும். இப்போது செய்யவேண்டியது, சுவர் பூசுமுன் வயர்க் குழாய்களைப் பதித்துவைப்பது மட்டுமே. ஒழுகும் கூரைக்குக் கீழே வந்த பலகைக்குப் பொலித்தீன் போர்த்திப் பூட்டி வைத்திருந்த ஒரு வகுப்பை எனக்குத் தெரியும். திறப்பு விழாப் படம் மட்டும் அதிபர் அறையில் பளிச்சென்று இருந்தது.

9. காலமும் காசும்

கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. நீண்ட விடுமுறைகளோ ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில். ஆகவே கூரை கழற்றுவதை டிசம்பர் விடுமுறையில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை மே மாதம் வருமுன் முடியுங்கள். இடிப்பு, அஸ்பெஸ்டஸ், ஈயப் பெயின்ட் மூன்றும் விடுமுறைக்குள் மட்டும். பாடசாலை நடக்கும்போது ஒரு மூலையில் மட்டும் வேலை, சுற்றிலும் தகர வேலி, பிள்ளைகள் வரும் போகும் நேரங்களில் லொறி உள்ளே வரக்கூடாது. இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கால் மட்டும் வரட்டும், போகட்டும். ஒரே அளவுப் பட்டியலுக்கு மூன்று விலைமனுக்கள் எடுங்கள். வேறு வேறு பட்டியலுக்கு வந்த விலைகளை ஒப்பிட முடியாது. ஒப்பந்தக்காரரின் கடைசிக் கொடுப்பனவில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்துவையுங்கள்.

டொரன்டோவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர்களை "என்ன வேண்டும்?" என்று கேட்க விடாதீர்கள். கேட்டால் வளைவுதான் வரும். விலையிட்ட பட்டியலை நீங்களே அனுப்புங்கள்: ஒரு வகுப்பின் கூரை, ஒரு மலசலகூடத் தொகுதி, பத்து வருடச் சுத்திகரிப்புச் செலவு. பெயர்கள் எல்லாம் ஒரே பலகையில், ஒரே எழுத்தளவில். ஒவ்வொரு நன்கொடையிலும் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று நிலையான வைப்பில் போகும் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். மறுப்பவர் சிலர் இருப்பார்கள். அவர்களது வளைவு வராமல் போனதே உங்கள் முதல் சேமிப்பு.

10. கையளிக்குமுன்

- குழாய், வயர், வடிகால் போகும் வழியைக் கீறிய வரைபடம் அதிபர் அறைச் சுவரில் இருக்கிறதா?
- பீலி, ட்ரிப் சுவிச், தண்ணீர்த் தொட்டி, மதில் ஆகியவற்றை மாதந்தோறும் பார்த்து ஒப்பமிடப் பராமரிப்புக் கொப்பி திறந்தாகிவிட்டதா?
- அந்தக் கொப்பி யார் பொறுப்பில், அவர் இடமாற்றம் பெற்றால் யார் கையில்?
- பூட்டில்லாத கிரில் எத்தனை, பூட்டுள்ளது எத்தனை?
- தரம் 1 பிள்ளை ஒன்று யாருடைய உதவியுமில்லாமல் போய், கைகழுவித் திரும்பி வந்ததா?

கடைசிச் சோதனைக்குப் பட்டியல் தேவையில்லை. அடுத்த வைகாசியில் மழை இறங்கும்போது அதே வகுப்பின் வாசலில் போய் நில்லுங்கள். ஒரு பிள்ளையும் மேலே பார்க்கவில்லை என்றால் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கலாம். வாளியை முற்றத்து மாமரத்தடிக்குக் கொடுத்துவிடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற உதவும்.